வெயில் ஊரில் சேர்த்த குளிருடை

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை, ரிவர்ஸ்டன், லக்கல வழியாக வில்கமுவைக்குப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ரிவர்ஸ்டன் உச்சியில் காற்று வாகனத்தையே அசைத்துப் பார்க்கும். கைக்குழந்தையை முந்தானைக்குள் இழுத்துப் போர்த்திக்கொள்வோம். மலையிறங்கி வயல்வெளி தொடங்கியதும் அதே குழந்தைக்கு விசிறிக்கொண்டு வருவோம். ஒரே பயணம், ஒரே மாவட்டம், இரண்டு காலநிலை.

கணவரின் தொழில் காரணமாக எட்டு ஆண்டுகளாக நாங்கள் வில்கமுவையில் குடியிருக்கிறோம். ஒரு பக்கம் நக்கிள்ஸ் மலைத்தொடர், மறுபக்கம் மகாவலி கங்கை, வடக்கே வஸ்கமுவ வனம். அயலவர்கள் பெரும்பாலும் சிங்கள விவசாயக் குடும்பங்கள். அந்த ஊரில் சுவெட்டர் வைத்திருக்கும் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்கள் வீடு அவற்றில் ஒன்றல்ல.

2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா சூறாவளி நம் நாட்டைக் கடந்தது. யெமன் நாடு சூட்டிய பெயர் அது. சொக்கோத்ரா தீவிலுள்ள ஒரு கடற்கழியின் பெயர். கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். பாதையும் மின்சாரமும் தொலைபேசியும் ஒன்றாக அறுந்துபோயின. இணைப்பு மீண்ட பின்னர், நுவரெலியா மாவட்டத்தில் கற்பிக்கும் என் பயிற்சிக் கலாசாலைத் தோழி பேசினாள். "சோறு எப்படியோ வருகிறது. இரவுதான் போகவில்லை. உடுத்த உடுப்போடு வந்த சனங்கள் சீமெந்துத் தரையில் படுத்திருக்கிறார்கள். குளிருக்கு ஏதாவது சேர்த்து அனுப்ப முடியுமா?" என்றாள்.

முடியும் என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் யோசித்தேன், குளிரே இல்லாத ஊரில் எதைச் சேர்ப்பது? அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நான் கற்றதையே இங்கே உங்களுக்குப் பாடமாக எழுதுகிறேன். அனர்த்தம் வந்தால் நம் வீடுகளில் முதலில் திறப்பது அலுமாரியைத்தானே. பெற்றோரும் சேர்ந்து வாசித்தால் நல்லது.

முதலில் சிறிது விஞ்ஞானம். ஏறத்தாழ 1000 மீற்றர் உயரே செல்லும்போது வெப்பநிலை 6.5 பாகை செல்சியஸ் அளவில் குறையும் என்று புவியியலில் படிக்கிறோம். வில்கமுவைத் தாழ்நிலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 100 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியா நகரம் 1868 மீற்றரில் உள்ளது. கணக்குப் போட்டால் சுமார் 11 பாகை வித்தியாசம் வரும். நாங்கள் யன்னலைத் திறந்துவைத்துத் தூங்கும் மார்கழி இரவில் அங்கே பல்லுக் கிட்டும். நனைந்த உடையோடு இருப்பவருக்கு நிலை இன்னும் மோசம். அசையாத காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். உடலின் உள்வெப்பநிலை 35 பாகைக்குக் கீழே போனால் அது மருத்துவ அவசரநிலை. குழந்தையின் சிறிய உடல் எடைக்குத் தோற்பரப்பு அதிகம் என்பதால் அது பெரியவரைவிட விரைவாகக் குளிர்ந்துவிடும். முதியவரின் உடலோ வெப்பத்தை உண்டாக்கச் சிரமப்படும்.

இதில் நமக்குச் சாதகமான செய்தியும் உண்டு. நம்மைச் சூடாக வைத்திருப்பது துணி அல்ல. துணிக்குள்ளும் துணிகளுக்கு இடையிலும் அகப்பட்டு நிற்கும் காற்றுத்தான். ஆகவே தடித்த கம்பளிச் சட்டை இல்லாவிட்டாலும் உலர்ந்த பருத்தித் துணி இரண்டு மூன்று அடுக்காக இருந்தால் அதுவும் காக்கும். உலர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஈரமான பருத்தி நம்மைக் குளிரிலிருந்து காக்காது.

இது புரிந்ததும் வில்கமுவை வீடுகளில் எங்களுக்குக் குளிருடை தென்படத் தொடங்கியது. இரட்டைப் பெட்சீற், சாரம், துவாய், நீளக்கைச் சட்டை, பிள்ளை பிறந்தபோது பின்னிய கம்பளித் தொப்பி, பாடசாலைக் காலுறை, மழைக்கோட்டு. அறுவடைக் காலத்தில் நெல் காயப்போடும் படங்குகூட ஈரத் தரையில் விரிப்பதற்குப் பெரிய உதவி. மேலே போர்த்துவதையே நாம் நினைக்கிறோம். தரைதான் அதிக சூட்டை உறிஞ்சுகிறது. எனவே பாய்களையும் கேட்டோம்.

முதல் நாளில் நாங்கள் செய்த தவறையும் சொல்ல வேண்டும். "பழைய உடைகள் இருந்தால் தாருங்கள்" என்று கேட்டோம். கேட்டபடியே கிடைத்தது. கையில்லாத சட்டைகள், ஒற்றைக் காலுறை, சிப் அறுந்த காற்சட்டை, ஒரு மணப்பெண் பாவாடை, இன்னும் ஈரம் காயாத ஒரு மூட்டை. அதைவிட, பாதித் துணி உரப்பைகளில் வந்தது. விவசாய ஊரில் கைக்கு எட்டும் பை அதுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் பசளை மணத்தோடு ஒரு சிசுவின் சட்டையை எப்படி அனுப்புவது? மூன்று பேர் இரண்டு நாட்கள் இருந்து தரம் பிரித்தோம். பாதிக்கு மேல் ஒதுக்க வேண்டியதாயிற்று.

இந்த அனுபவம் நமக்கு மட்டும் உரியது அல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையோர ஊர்களில் பயன்படாத பழந்துணி குவியல் குவியலாகத் தெருவோரங்களில் கிடந்தது. புதுடில்லியைச் சேர்ந்த கூஞ்ச் என்ற நிறுவனம் அவற்றைச் சேகரித்துத் தரம் பிரித்து மறுபடி பயன்படும் பொருட்களாக்கியது. 1999இல் அதைத் தொடங்கிய அன்ஷு குப்தாவுக்கு 2015இல் மக்சேசே விருது கிடைத்தது. கொடுத்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு கொடுக்கவில்லை. ஆனால் ஒதுக்கும் வேலையை, வீடிழந்து நிற்பவர்களின் முற்றத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நிவாரணப் பணியாளர்கள் இதை 'இரண்டாவது அனர்த்தம்' என்கிறார்கள்.

குளிர் உண்மையிலேயே உயிருக்கு எதிராக நின்ற இடம் ஒன்றையும் பார்ப்போம். 2005 ஒக்டோபர் 8ஆம் திகதி காஷ்மீரைத் தாக்கிய பூகம்பத்தில் பாகிஸ்தானில் மட்டும் 73,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இலட்சக்கணக்கானோர் வெட்டவெளியில் நிற்க, பனிக்காலம் சில வாரங்களில் வரவிருந்தது. அங்கே உடையைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. குடும்பத்துக்கு ஒரு சூடான அறையாவது வேண்டும் என்று தகரமும் ஆணியும் கருவிகளும் மலைக் கிராமங்களுக்கு ஏற்றப்பட்டன. போர்வை ஒரு பாதி என்றால் கூரை மறுபாதி. நம் மலையகத்திலும் அப்படித்தான்.

மலையகமும் கம்பளியும் என்றால் எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். பலர் வழியிலேயே மாண்டார்கள். வெயில் நாட்டு மெல்லிய துணியோடு வந்தவர்கள் மலைக்குளிரை முதன்முதலாகச் சந்தித்தது நம் மாவட்டத்தின் பக்கத்தில்தான். தோட்டத்தில் அவர்களுக்கு ஒரு கம்பளி கிடைத்தது; அதன் விலை அவர்கள் பற்றுக் கணக்கில் எழுதப்பட்டது. வெள்ளைக்காரத் துரைமாரின் ஆங்கிலத்திலும் அதற்குக் கம்ப்ளி என்றே பெயர். அந்தப் பரம்பரையில் வந்தவர்களுக்குத்தான் நாங்கள் இப்போது பொதி கட்டிக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் தடவை கேட்டபோது சொற்களை மாற்றினோம். "நாளைக்கு உங்கள் பிள்ளைக்கே உடுத்தக்கூடியது, கழுவி வெயிலில் காயவைத்தது" என்று சிங்களத்தில் எழுதிக் கடையடியில் ஒட்டினோம். இதைச் சொல்ல எனக்குத் துணிவு தந்தது சூரா அல்பகராவின் 267ஆவது வசனம். உங்களுக்கே தரப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்கமாட்டீர்களே, அத்தகைய மட்டமானதைக் கொடுக்கத் தேடாதீர்கள் என்ற கருத்து அதில் வருகிறது. அந்த அறிவித்தலை வாசித்த அயலவர்களுக்கு வசனம் தெரியாது. ஆனால் கருத்தை உடனே விளங்கிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு அம்மா விருந்தாளிகளுக்கென்று பெட்டியில் வைத்திருந்த, மடிப்புக் கலையாத பெட்சீற்றைக் கொண்டுவந்து நீட்டினார். "இது புதிதல்லவா, வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். "விருந்தாளி இனி அவர்கள்தானே, டீச்சர்" என்றார்.

தரம் பிரிக்கும் வேலைதான் உண்மையான வேலை. அதை மாணவிகள் நன்றாகச் செய்வீர்கள், ஏனென்றால் உடை விடயத்தில் உங்கள் கண் கூர்மை. உலகெங்கும் மனிதாபிமானப் பணியாளர்கள் கைக்கொள்ளும் ஸ்பியர் கையேடு, ஒருவருக்கு ஆகக் குறைந்தது இரண்டு முழு உடைத் தொகுதிகள் வேண்டும் என்கிறது. அளவும் பண்பாடும் பருவமும் பொருந்தியிருக்க வேண்டும். இரண்டு எதற்கு? ஒன்று நனைந்தால் மாற்றுவதற்கு. முழுத் தொகுதி என்றால் சேலை தனியே போகாது. உள்பாவாடையும் சட்டையும் கூடவே போக வேண்டும். கயிறு கோக்காத சல்வார் அங்கே பயனற்றது, முகாமில் கயிற்றுக்கு எங்கே போவது? எங்கள் பெண்களுக்குத் தலை மறைக்கும் துணியும் தொழுகை உடையும் உணவுக்கு அடுத்த தேவை. அது இல்லாமல் ஆண்கள் நிறைந்த மண்டபத்தில் ஒரு பெண் எழுந்து கழிவறைக்குப் போகவும் கூசுவாள். உள்ளாடையும் மாதவிடாய்த் துணியும் புதிதாகவே வாங்கப்பட வேண்டும். கடையில் கேட்கவே வெட்கப்படும் பொருட்கள் என்பதால் பட்டியலில் எப்போதும் விடுபடுபவையும் அவையே. எங்கள் பட்டியலிலும் விடுபட்டிருந்தன. என் மகள்தான் எழுதிச் சேர்த்தாள்.

நாங்கள் ஒவ்வொரு பையையும் ஓர் ஆளுக்கு என்று கட்டினோம். "பெண்பிள்ளை, 6 முதல் 8 வயது" என்று தமிழிலும் சிங்களத்திலும் வெளியே எழுதினோம். இப்படி எழுதிய பையை ஆட்கள் நடுவே திறந்து கொட்ட வேண்டியதில்லை. மழைக்குள்ளும் பிரிக்காமல் கைமாற்றலாம். பொதிகள் போகும் முன்பே, எந்த வயதில் எத்தனை பேர் என்று தோழி அங்குள்ள கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுச் சொல்லியிருந்தாள். தேவை தெரியாமல் லொறி ஏற்றுவது இருட்டில் அம்பெய்வது போலத்தான். கிடைத்த பணத்தில் அவள் பக்கத்து ஊர்ச் சந்தையிலேயே போர்வை வாங்கினாள். வெள்ளத்தில் வியாபாரம் இழந்த கடைக்காரருக்கும் அது உதவியாயிற்று.

பொதிகள் சேர்ந்து நான்கு நாட்களுக்குப் பிறகு தோழி அழைத்தாள். பெட்சீற் எல்லாம் போதும் என்றாள். முதல் அரை மணித்தியாலத்தில் தீர்ந்துபோனது காலுறை. சேற்றில் நடந்து நடந்து எல்லோருடைய பாதமும் வெடித்திருந்ததாம். இன்னொன்றையும் கேட்டாள்: உடைகளின் அளவைத் தாங்களே திருத்திக்கொள்ள ஊசியும் நூலும் அனுப்ப முடியுமா? அளவு பெருத்த சட்டைகளோடு தையல் தெரிந்த பெண்கள் அங்கே சும்மா அமர்ந்திருந்தார்களாம். காலுறை, ஊசி, நூல் என்று பட்டியலின் தலைப்பில் எழுதி, அடுத்த மழைக்காலத்துக்கென்று அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன்.