நெஞ்சகமும் புகையும்

செம்பாக்கத்திற்கும் அதனைச் சூழ்ந்த ஊர்களுக்கும் அண்மையில், தாம்பரம் சானடோரியம் என்னும் இரயில் நிலையம் உள்ளது. சானடோரியம் என்பது நெடுநாள் நோயாளர் தங்கி உடல் தேறும் இல்லம். காசநோய்க் கிருமியை அழிக்கும் மருந்து கண்டறியப்படாத காலத்தில், தூய காற்றும் வெயிலும் ஓய்வும் நல்லுணவுமே அந்நோய்க்குரிய மருந்துகளாக இருந்தன. அவற்றை நம்பியே டாக்டர் சௌரி முத்து என்பார் 1928ஆம் ஆண்டில் இங்கே ஒரு காசநோய் இல்லத்தை நிறுவினார். 1937இல் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது.

தூய காற்றை நாடி நோயாளர் வந்த அக்காலத்தில், புகையிலைப் புகைக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பை அளந்து கண்டவர் அரியர். அதனைத் தெளிவாக அளந்த ஆராய்ச்சிகளுள் ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்தது. டாக்டர் கஜலட்சுமியும், ஆக்ஸ்போர்டு அறிஞர் ரிச்சர்டு பீட்டோவும், அவர்தம் துணைவரும் சென்னையிலும் சிற்றூர்களிலும் இறந்த ஆடவர் 43,000 பேரின் புகைப்பழக்கத்தை விசாரித்து, உயிருடன் இருந்த 35,000 பேருடைய பழக்கத்தோடு ஒப்பிட்டனர். 2003இல் முடிவு வெளியாயிற்று. புகைபிடிப்போர் காசநோயால் இறப்பது, புகையாதாரினும் ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதி!

காசநோயைத் தருவது கிருமியே, புகை அன்று. ஆயினும் மூச்சுக்குழலின் உட்புறத்தே நுண்ணிய மயிரிழைகள் உள்ளன. தூசியையும் கிருமியையும் மேலே தள்ளி வெளியேற்றுவது அவற்றின் தொழில். புகை அவ்விழைகளைச் செயலறச் செய்கிறது. நுரையீரலில் கிருமியை விழுங்கும் காவல் அணுக்களையும் தளர்த்துகிறது. காவலற்ற வீட்டினுள் கள்வன் புகுவது அரிதோ? காகிதம் சுற்றாத பீடி தீங்கற்றது என்று கருதுவோர் இன்றும் உளர். அது பெரும் பிழை. பீடி எளிதில் அணைந்துவிடும்; ஆதலின் அடிக்கடி, ஆழமாக இழுக்க நேர்கிறது.

இத்தீமையைத் தடுக்க அரசாங்கம் 2003இல் சட்டம் இயற்றியது. 2008ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளன்று, பொதுவிடங்களில் புகைப்பதைத் தடுக்கும் விரிவான விதிகள் நடைமுறைக்கு வந்தன. மீறுவோர்க்கு 200 ரூபாய் வரை தண்டம். ஆனால் வீட்டுத் திண்ணையில் எரியும் பீடியைச் சட்டம் அணைத்தல் இயலாது.

அதனை அணைக்க வேண்டியவர் புகைப்பவரே. அவருக்கோ அது எளிதன்று. நிகோடின் என்னும் நஞ்சு மூளையைப் பழக்கி வைத்துள்ளது. விட்ட முதல் சில நாட்களில் எரிச்சலும், உறக்கமின்மையும், தீராத வேட்கையும் வருத்தும். பன்முறை விட்டு மீண்டும் தொட்டவரை மனவுறுதி அற்றவர் என்று இகழ்தல் தகாது. அவருக்கு வேண்டுவது துணை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில், புகையிலையை விட விரும்புவோர்க்கு அறிவுரை கூறும் பிரிவு 2002இல் ஏற்பட்டது. உதவி கேட்பதற்குரிய 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணைச் சிகரெட்டுப் பெட்டியின்மீதே அச்சிடும் முறை 2018இல் வந்தது.

விட்டவர்க்குக் கிட்டும் பயனோ பெரிது. பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தபோது, முப்பது வயதில் விட்டவர், விடாதவரைவிடச் சுமார் பத்து ஆண்டுகள் மிகுதியாக வாழ்ந்தது தெரிந்தது. அறுபதில் விட்டவர்க்கும் மூன்று ஆண்டுகள் மிஞ்சின.

பதினெட்டு வயது நிரம்பாதவர்க்குப் புகையிலைப் பொருளை விற்றல் குற்றம். கல்விக்கூடத்திலிருந்து நூறு கெஜத்திற்குள் விற்றலும் குற்றம். “அப்பா வாங்கிவரச் சொன்னார்” என்று காசுடன் வந்து நிற்கும் சிறுவனிடமும் கடைக்காரர் பீடிக்கட்டைக் கொடுத்தலாகாது. வெறுங்கையோடு திரும்பும் மகனிடம் காரணம் கேட்கும் தந்தைக்கு, அவன் அந்தத் தொலைபேசி எண்ணையும் சொல்லலாம்.