கூர்ப்புக் கொள்கை: தடையும் விடையும்

உயிரினங்கள் தொடக்கந்தொட்டு ஒரு தன்மையவாய் நின்றன அல்ல. நெடுங்காலத்திற் சிறிது சிறிதாகத் திரிந்து, ஒன்றினின்று பல கிளைத்தன என்பது கூர்ப்புக் கொள்கை. தமிழகத்தார் இதனைப் பரிணாமம் என்பர். இதனைக் கற்பிக்கும் ஆசிரியர் முடிபை மாத்திரம் ஒப்புவிக்கச் செய்தல் போதாது. அஃது எத்தடைகளைக் கடந்து நிலைபெற்றது என்பதனையும் உணர்த்தல் வேண்டும்.

பிரான்சிய அறிஞர் இலமார்க்கு, உயிர்கள் வாழ்நாளிற் பழகிப் பெற்ற மாற்றம் அவற்றின் வழித்தோன்றல்களுக்குச் செல்லும் என 1809 இற் கூறினார். அவ்வேது நிலைக்கவில்லை. 1858 இல் டார்வினும் வாலேசும் வேறோர் ஏதுக் காட்டினர். ஓரினத்துப் பிறப்பன தம்முள் வேறுபடும். சூழலுக்கேற்ற வேறுபாடுடையன மிகுதியும் பிழைத்து இனம்பெருக்கும். அவ்வேறுபாடு தலைமுறைதோறும் பரவும். இதுவே இயற்கைத் தேர்வு. டார்வினுடைய பெருநூல் 1859 இல் வெளிவந்தது.

இதற்கு எழுந்த தடைகள் இருவகைய. ஒன்று ஆராய்ச்சியால் எழுந்தது. பின்னாளிற் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தொம்சன், பூமி வெப்பந் தணிந்தமையைக் கணித்து, அதன் வயது 2 கோடிக்கும் 40 கோடி ஆண்டுக்கும் இடைப்பட்டது என 1862 இல் உரைத்தார். பிற்காலத்தில் அதனை மேலுங் குறைத்தார். கூர்ப்புக்கு அக்காலம் போதாது. தாய்தந்தையர் இயல்புகள் பாலும் நீரும்போலக் கலக்குமாயின், நல்ல வேறுபாடு கரைந்தொழியுமே என்றும் சிலர் வினாவினர். டார்வின் காலத்தில் நிறைவான விடை கிடைத்திலது. 1866 இல் வெளிவந்த மெண்டலின் பட்டாணிச்செடி ஆராய்ச்சி 1900 இல் மீளக் கண்டெடுக்கப்பட்டபோது, இயல்புகள் கரையாது தனித்தனிக் கூறுகளாக இறங்குதல் தெளிவாயிற்று. கதிர்த்தொழிற்பாட்டினால் பாறைகளின் வயதை அளந்தோர், பூமி ஏறத்தாழ 450 கோடி ஆண்டுப் பழைமையது எனத் துணிந்தனர். இத்தடைகள் கொள்கையை வலிப்படுத்தின.

மற்றொன்று ஆணையால் எழுந்தது. அமெரிக்காவின் தெனசி மாகாணம், மனிதன் கீழுயிர்வழி வந்தான் எனப் பொதுப் பாடசாலைகளிற் கற்பித்தலை 1925 இற் சட்டத்தால் விலக்கிற்று. அச்சட்டம் 1967 இலேயே நீக்கப்பட்டது. இந்தியாவில் 2018 இல் மத்திய இணை அமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாதலை யாருங் கண்டிலர். ஆதலின் இக்கொள்கை பிழை என்றார். அந்நாட்டின் அறிவியற் கழகங்கள் மூன்று ஒருங்குகூடி மறுத்தன. 2023 இற் பத்தாம் வகுப்பு நூலினின்று இப்பகுதி நீக்கப்பட்டபோது, 1,800 க்கு மேற்பட்ட அறிவியலாரும் ஆசிரியரும் பிறரும் எதிர்த்துக் கைச்சாத்திட்டனர்.

'யார் கண்டார்?' என்னுந் தடையை நம்மவர் நன்கு ஆராய்க. இன்றுள்ள குரங்கு மனிதனாயிற்று என்று இக்கொள்கை கூறவில்லை. இருபாலார்க்கும் பொதுவான முன்னோர் இருந்தனர் என்றே கூறும். அன்றியும், காட்சி ஒன்றே அளவை என்பது உலோகாயதன் கூற்று. காட்சி, கருதல், உரை என அளவை மூன்று கொண்ட சைவசித்தாந்தி அதனைக் கூறுதல் பொருந்தாது. புகை கண்டவிடத்து நெருப்புண்மை துணிகின்றோமல்லமோ?

நம் குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது. 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதனகத்தே கடலுயிர்களின் எச்சங்கள் உள. கிணறு வெட்டுமிடத்து அத்தகைய கல் ஒன்றை எடுத்து மாணாக்கர் கையிற் கொடுக்க. இவ்விடம் ஒருகாற் கடலாயிருந்தமையை யாருங் கண்டிலர். ஆயினும் அவர்கள் தாமே துணிவர்.

ஆன்மா வினைக்கீடாக உடல்கள்தோறும் பிறத்தலை நம் நூல்கள் கூறும். அஃது ஆன்மாவின் வரலாறு. கூர்ப்போ உடல்களின் வரலாறு. இரண்டையும் ஒன்றாக மயக்கி, 'இது நம் முன்னோர் அறிந்ததே' எனப் பெருமை பேசுவது இரண்டுக்கும் இழுக்காம். மாணாக்கன் தடை நிகழ்த்துவானாயின் அவனை வாயடக்காது விடை கூறுக. விடை அறியாவிடின் அவனோடு சேர்ந்து தேடுக.