பகுத்தலும் பிணைத்தலும்

நுழையும்முன்

ஒரு பெருநிறுவனத்தின் வணிகம் முழுவதையும் ஒரே மென்பொருளில் அடக்கலாம். பல சிறு சேவைகளாகப் பகுத்து, அவற்றைப் பிணைத்தும் இயக்கலாம். இரண்டாம் வழியே சேவைசார் மென்பொருள் கட்டமைப்பு எனப்படுகிறது. அதன் தேவையையும் நன்மையையும் அதற்கு நாம் கொடுக்கும் விலையையும் நீலகிரித் தேயிலை வணிகத்தைச் சான்றாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

கொழுந்து முதல் கணக்கு வரை

நீலகிரி மலைச்சரிவில் காலையில் கிள்ளிய பசுங்கொழுந்து நெடுநேரம் காத்திருக்காது. வாடிக் கெடுவதற்குமுன் அது தொழிற்சாலையைச் சென்றடைய வேண்டும். அங்கு வாட்டுதல், நசுக்குதல், நொதிக்கவிடுதல், உலர்த்துதல், தரம் பிரித்தல் ஆகிய நிலைகளைக் கடந்து தூளாகிறது. சிறு தேயிலை விவசாயிகளுக்காக 1965ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இன்கோசர்வ் என்னும் கூட்டுறவு இணையத்தின்கீழ் 16 தொழிற்சாலைகள் உள்ளன. இவையன்றித் தனியார் தொழிற்சாலைகளும் பெருந்தோட்டங்களும் இம்மாவட்டத்தில் இயங்குகின்றன.

தூளின் ஒரு பகுதி குன்னூர் ஏல மையத்தில் விலைபோகிறது. 1963 முதல் நடைபெற்றுவரும் இவ்வேலத்தில் பலர் பங்கேற்கின்றனர். தரகர் மாதிரிகளைச் சுவைத்து மதிப்பிட்டுப் பட்டியலிடுவார். வணிகர் விலை கேட்பர். பணம் செலுத்திய பின்னர்க் கிடங்கிலிருந்து சரக்கு விடுவிக்கப்படும். ஒருகாலத்தில் கூடத்தில் குரலெழுப்பிக் கேட்ட விலை இன்று கணினித் திரையில் கேட்கப்படுகிறது. சிறு விவசாயிக்குரிய பசுந்தேயிலை விலையும் தூளின் சராசரி ஏல விலையைச் சார்ந்தே ஒவ்வொரு மாதமும் கணக்கிடப்படுகிறது. எனவே, ஏலக் கணக்கில் நேரும் பிழை ஏலக் கூடத்தோடு நிற்பதில்லை. அரை ஏக்கர் வைத்திருப்பவரின் அடுப்படி வரை சென்று சேரும்.

ஒற்றைப் பெருங்கட்டு

இத்தகைய வணிகத்திற்கு மென்பொருள் வடிவமைக்கும் பொறுப்பு நம்மிடம் தரப்பட்டதாகக் கொள்வோம். பதிவு, பட்டியல், ஏலம், பணத்தீர்வு, கிடங்கு ஆகிய அனைத்தையும் ஒரே நிரலாக எழுதி, ஒரே தரவுத்தளத்தில் இணைப்பது எளிய வழி. தொடக்கத்தில் இது விரைவாக முடியும், செலவும் குறைவு. சிறிய நிறுவனத்திற்கு இதுவே போதும்.

வணிகம் வளர வளர இடர்ப்பாடு தோன்றும். 2016ஆம் ஆண்டு அகில இந்திய ஏல முறை நடைமுறைக்கு வந்தபோது, ஓரிடத்தில் பதிவுபெற்ற வணிகர் பிற ஏல மையங்களிலும் வாங்க வழி பிறந்தது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி அறிமுகமாயிற்று. முன்னது பதிவு விதியை மாற்றியது. பின்னது வரிக்கணக்கை மாற்றியது. எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் மென்பொருளில் வரிக்கணக்கைத் திருத்தக் கைவைத்தால் கிடங்குக் கணக்கும் குலையக்கூடும். ஒரு சிறு திருத்தத்திற்காக முழு மென்பொருளையும் மீண்டும் சோதிக்க வேண்டியிருக்கும். ஏல நாளில் அதை நிறுத்தவும் இயலாது.

சேவைகளாகப் பகுத்தல்

இவ்விடத்தில்தான் பகுத்தல் துணைபுரிகிறது. எதை அளவாகக் கொண்டு பகுப்பது? நிரலின் நீளத்தைக் கொண்டன்று. பணியின் இயல்பைக் கொண்டு பகுத்தல் வேண்டும். யார் வாங்கலாம் என்பதைப் பதிவுச் சேவை அறியும். எந்தத் தூள், எத்தனை மூட்டை, என்ன மதிப்பு என்பதைப் பட்டியல் சேவை அறியும். யார் எவ்வளவு கேட்டார் என்பதை ஏலச் சேவை அறியும். வரியும் தொகையும் பணத்தீர்வுச் சேவையின் பொறுப்பு. சரக்கின் இருப்பும் விடுவிப்பும் கிடங்குச் சேவையின் பொறுப்பு.

இப்பகுப்பில் ஒரு விதி இன்றியமையாதது. ஒவ்வொரு சேவையும் தன் தரவைத் தானே ஆள வேண்டும். கிடங்கில் உள்ள மூட்டைகளின் எண்ணிக்கையைக் கிடங்குச் சேவை மட்டுமே திருத்தலாம். ஏலச் சேவைக்கு அவ்விவரம் தேவையெனில் கேட்டுப் பெறலாம்; பிறர் பேரேட்டில் தானே எழுதுதல் ஆகாது. இவ்விதி காக்கப்பட்டால் வரி மாறும் நாளில் பணத்தீர்வுச் சேவையைத் திருத்தினால் போதும். ஏனையவை தம் பணியைத் தொடரும்.

ஒப்பந்தமே பாலம்

பகுத்தவற்றைப் பிணைப்பது ஒப்பந்தம். எந்த வடிவில் கேட்க வேண்டும், எந்த வடிவில் விடை வரும், பிழை நேர்ந்தால் எவ்வாறு அறிவிக்கப்படும் என்பவற்றை வரையறுக்கும் இந்த ஒப்பந்தமே இடைமுகம் ஆகும். இடைமுகம் மாறாதவரை ஒரு சேவையின் உள்ளமைப்பை எப்படியும் மாற்றியமைக்கலாம்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. உதகைப் பேருந்து நிலையத்தருகே தேநீர் அருந்திவிட்டுத் திறன்பேசியால் பணம் செலுத்துகிறோம். நமது வங்கி வேறு. கடைக்காரரின் வங்கி வேறு. இருவரின் செயலிகளும் வேறு. 2016ஆம் ஆண்டு இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் அறிமுகப்படுத்திய யுபிஐ என்னும் பொது ஒப்பந்தம் இவற்றை இணைக்கிறது. ஒரு வங்கியின் உட்கணினி அமைப்பு எத்தகையது என்பதை மற்றொரு வங்கி அறிய வேண்டியதில்லை. ஒப்பந்தத்தின்படி கேட்டால் ஒப்பந்தத்தின்படி விடை கிடைக்கும்.

தெரிந்து தெளிவோம்

ஒரு நிறுவனம் உருவாக்கும் அமைப்பு, அந்நிறுவனத்தினர் தம்முள் தொடர்புகொள்ளும் முறையையே ஒத்திருக்கும் என்று மெல்வின் கான்வே என்னும் கணினி அறிஞர் 1968ஆம் ஆண்டு எழுதினார். இக்கருத்து ‘கான்வே விதி’ எனப்படுகிறது. மென்பொருளைப் பகுக்குமுன் அதனை உருவாக்கும் குழுக்களின் பொறுப்புகளைப் பகுக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

பிரிவின் விலை

பகுத்தல் விலையின்றிக் கிடைப்பதன்று. ஒரே நிரலுக்குள் நிகழ்ந்த உரையாடல் இப்போது வலைப்பின்னல் வழியே நிகழ்கிறது. மழையும் மண்சரிவும் மிகுந்த மலைநாட்டில் இணைப்பு எந்நேரமும் அறுபடலாம். வணிகர் பணம் செலுத்திவிட்டார், பணத்தீர்வுச் சேவை அச்செய்தியைக் கிடங்கிற்கு அனுப்புகிறது, விடை வரவில்லை. செய்தி சென்று சேரவில்லையா? அல்லது சேர்ந்தபின் விடை மட்டும் தொலைந்ததா? அனுப்பியவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மீண்டும் அனுப்பாவிடில் சரக்கு தேங்கலாம். அனுப்பினால் இருமுறை விடுவிக்கப்படலாம்.

இச்சிக்கலுக்குத் தீர்வு உண்டு. ஒவ்வொரு விடுவிப்பு ஆணைக்கும் தனி எண் இடப்படும். அதே எண்ணுடன் செய்தி எத்தனை முறை வந்தாலும் கிடங்குச் சேவை ஒருமுறையே செயற்படுத்தி, மறுமுறை “முன்னரே முடிந்தது” என்று மட்டும் விடையளிக்கும். விடுவிக்க இயலாதெனில், செலுத்திய தொகையைத் திருப்பித் தரும் வழியும் முன்னரே வகுக்கப்பட்டிருக்க வேண்டும். நம் கணக்கில் பணம் குறைந்து கடைக்காரருக்குச் சேராதபோது அத்தொகை திரும்பி வருவதும் இத்தகைய ஏற்பாட்டினால்தான்.

பகுதிகள் மிகுந்தால் கண்காணிப்பும் மிகும். பிழை எங்கே தோன்றியது என்பதை அறிய ஒவ்வொரு சேவையின் பதிவேட்டையும் ஒப்புநோக்க வேண்டும். ஆதலால், தேவைக்கு மீறிப் பகுத்தல் பகுக்காதிருத்தலைப் போன்றே தீங்கு தரும். ஒரு விதி மாறினால் ஐந்து சேவைகளைத் திருத்த நேருமாயின், பகுத்த எல்லை பிழையானது என்று உணர்ந்து திருத்திக்கொள்ளல் வேண்டும்.

எல்லை வகுக்கும் அறிவு

மென்பொருள் வடிவமைப்பில் கணினி மொழியைக் கற்பது ஒரு பகுதியே. தொழிலைக் கூர்ந்து நோக்கி, எந்தப் பொறுப்பு எங்கு முடிகிறது, அடுத்தது எங்குத் தொடங்குகிறது என்று காண்பதே கடினமான பகுதி. அதனைத் தரகரும் கிடங்குக் காப்பாளரும் கணக்கரும் கொழுந்து விற்கும் விவசாயியும் சொல்லக் கேட்டே அறிய முடியும். கேட்டறிந்து வகுத்த எல்லையே நிலைக்கும். அதன்மேல் எழுந்த கட்டமைப்பே மாற்றங்களைத் தாங்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கம், நூலகம், நியாயவிலைக் கடை ஆகியவற்றுள் ஒன்றன் பணிகளைக் கேட்டறிந்து, அவற்றைச் சேவைகளாகப் பகுத்துப் பட்டியலிடுக.
2. அவற்றுள் இரு சேவைகளுக்கிடையே இருக்க வேண்டிய ஒப்பந்தத்தை ஐந்து வரிகளில் எழுதுக.
3. “எல்லாவற்றையும் பகுத்தல் நன்று” என்னும் கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பறையில் உரையாடுக.

கலைச்சொல் அறிவோம்

இடைமுகம் – இன்டர்ஃபேஸ்
தரவுத்தளம் – டேட்டாபேஸ்
நிரல் – புரோகிராம்
வலைப்பின்னல் – நெட்வொர்க்
சேவைசார் கட்டமைப்பு – சர்வீஸ் ஓரியன்டட் ஆர்க்கிடெக்சர்