கிறிஸ்துமஸ் கேக் அலங்காரமும் வாழ்த்து அட்டையும்: மளிகை வணிகர் அறிய வேண்டியவை

நமது தூத்துக்குடிப் பகுதியில் கார்த்திகை பிறந்ததும் மளிகைக் கடைகளின் வியாபாரப் போக்கு மாறத் தொடங்கும். தீபாவளிச் சரக்கு ஓய்ந்து, கிறிஸ்துமஸ் சரக்குக்குக் கேட்பு வரும். மணப்பாடு, ஆலந்தலை, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், வேம்பார் என்று நீளும் முத்துக்குளித்துறை ஊர்களில் வீட்டுக்கு வீடு பலகாரம் செய்யும் நாட்கள் இவை. முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து இவற்றோடு இன்று வீட்டிலேயே கேக் செய்பவர்களும் கூடியிருக்கிறார்கள். கேக் செய்யும் வீட்டில் பிள்ளைகள் வாழ்த்து அட்டையும் தாங்களே செய்கிறார்கள்.

இந்த இரண்டுக்கும் வேண்டிய சரக்கு நம்மிடமே இருக்கிறது. ஆனால் எதை எப்போது வாங்கி வைப்பது, எதைப் பக்கத்தில் எதை வைக்கக் கூடாது, வாடிக்கையாளர் கேட்டால் என்ன சொல்வது என்பவற்றை அறிந்து விற்பவர் மட்டுமே லாபம் காண முடியும். அதற்கான சில குறிப்புகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

நம் கரையின் பழைய உறவு

1542-ஆம் ஆண்டில் புனித பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். போர்த்துகீசியர், பின்னர் டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வந்த கப்பல்களோடு அடுப்புப் பண்டங்களும் வந்தன. முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரியும் சேர்ந்த மக்ரூன் இன்று தூத்துக்குடியின் பெயரோடு ஒட்டிக்கொண்ட பண்டம். வெளியூருக்குப் போகிறவர் ஒரு பொட்டலம் வாங்காமல் போவது அரிது.

அச்சுக்கும் நம் கரைக்கும் பழைய தொடர்பு உண்டு. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூலை ஆக்கிய அண்ட்ரிக் அடிகளார் முத்துக்குளித்துறையில் பல்லாண்டு பணி செய்தவர். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வியாபாரப் பொருளானது அதற்கு வெகு காலம் பின்னர்தான். 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஹார்ஸ்லியைக் கொண்டு படம் வரையச் செய்து, ஏறத்தாழ 1000 அட்டைகளை அச்சிட்டு, ஒன்று ஒரு ஷில்லிங் என்று விற்றார். அன்றைக்கு அது சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையல்ல. நம் நாட்டில் சிவகாசி அச்சகங்கள் அந்த அட்டையை எல்லோர் கைக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தன. கைபேசி வந்த பிறகு அச்சிட்ட அட்டையின் விற்பனை சுருங்கியது. ஆனால் கையால் செய்த அட்டைக்கு மதிப்புக் குறையவில்லை. இது நாம் கவனிக்க வேண்டிய மாற்றம்.

எப்போது எதைக் கொள்முதல் செய்வது

கேக் சரக்கை ஒரே நாளில் வாங்கி நிரப்புவது தவறு. மூன்று தவணையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் தவணை, நவம்பர் முதல் வாரம்: கிஸ்மிஸ், கறுப்பு உலர் திராட்சை, பேரீச்சை, செர்ரி, டூட்டி ஃப்ரூட்டி, முந்திரி. பழங்களை ஊறவைத்துச் செய்பவர்கள் ஒரு மாதம் முன்பே வாங்கிவிடுவார்கள். டிசம்பர் பிறந்து இவற்றைக் கடையில் அடுக்கினால் நல்ல வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போயிருப்பார்.

இரண்டாம் தவணை, நவம்பர் கடைசி வாரம்: சார்ட் தாள், வண்ணத் தாள், கோந்து, ஸ்கெட்ச் பேனா, ஜிகினா, உறைகள், காகித நட்சத்திரங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய திருவருகைக் காலம் தொடங்கும்போது வீடுகளில் நட்சத்திரம் ஏறிவிடும்.

மூன்றாம் தவணை, டிசம்பர் இரண்டாம் வாரம்: மைதா, ஐசிங் சுகர், வெண்ணெய், முட்டை, பேக்கிங் பவுடர், எசென்ஸ். இவை ஈரத்தாலோ நாள்பட்டோ கெடுபவை. நம் ஊரில் வடகிழக்குப் பருவமழையும் கடற்காற்றும் சேர்ந்த நாட்களில் ஐசிங் சுகர் கட்டி பிடித்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, அளந்து கொடுப்பதற்கு முன் சல்லடையில் சலித்துக் கொடுத்தால் புகார் வராது.

கேக் பொட்டலம்

ஒரு வீட்டுக்கு ஒரு கேக் என்ற கணக்கில் பொருள்களை ஒன்றாகக் கட்டி வைத்தால் விற்பனை விரைவாக நடக்கும். மைதா கால் கிலோ, சீனி கால் கிலோ, கலந்த உலர்பழம் 200 கிராம், முந்திரி 50 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு சிறு பொட்டலம், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் பொடித்தது சிறிதளவு. இத்துடன் வெண்ணெய் கால் கிலோவும் முட்டை ஐந்தும் வாடிக்கையாளர் தனியாக வாங்கிக்கொள்வார். கேக்கின் கருநிறத்துக்குச் சீனியைக் கருக்கிச் சேர்ப்பது வழக்கம். உடன்குடிக் கருப்பட்டியைப் பாகாக்கி வடிகட்டிச் சேர்த்தாலும் நல்ல நிறமும் நம் ஊர் மணமும் வரும் என்று எடுத்துச் சொல்லலாம். அதில் கருப்பட்டி வியாபாரமும் நடக்கும்.

நாமே பொட்டலம் கட்டி விற்கும்போது அதில் பொருளின் பெயர், எடை, கட்டிய தேதி, விலை, நமது முகவரி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். எடையளவுச் சட்டமும் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் இதில் சேர்ந்தே வருகின்றன.

வரியைப் பற்றியும் ஒரு வரி: 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பிஸ்கட் வகைகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும், வெண்ணெய்க்கு 12-லிருந்து 5 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது. பழைய விலைப் பட்டியலை வைத்துக்கொண்டு பில் போடுவதைத் தவிர்க்க வேண்டும்.

அலங்காரம்: கேட்பவருக்குச் சொல்ல வேண்டியவை

வீட்டுக் கேக்குக்கு மூன்று வகை அலங்காரம் ஏற்றது.

முதலாவது, தூவல் முறை. இதுவே மிக எளிது. தாளில் நட்சத்திரம், மணி, மரம் என்று ஏதேனும் ஒரு வடிவத்தை வெட்டி, ஆறிய கேக்கின் மேல் வைத்து, ஐசிங் சுகரைச் சல்லடையால் தூவி, தாளை மெல்ல எடுத்துவிட்டால் வடிவம் அழகாக விழும். 50 கிராம் ஐசிங் சுகர் போதும். கையில் காசு குறைந்த குடும்பத்துக்கும் இது கட்டுப்படியாகும். வெட்டி எடுத்த அதே வடிவத்தை வாழ்த்து அட்டையில் ஒட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது, முந்திரிப் பசை. மேல்நாட்டில் பாதாம் பருப்பில் செய்வதை நாம் முந்திரியில் செய்கிறோம். முந்திரிப் பொடியும் ஐசிங் சுகரும் சம அளவு சேர்த்து, சிறிது பன்னீர் தெளித்துப் பிசைந்தால் சப்பாத்தி மாவு போல வரும். அதைத் தேய்த்துக் கேக்கின் மேல் போர்த்தலாம். பூவும் இலையும் செய்து ஒட்டலாம். போர்த்துமுன் கேக்கின் மேல் ஜாம் மெல்லியதாகத் தடவினால் பசை வழுக்காது.

மூன்றாவது, வெள்ளை ஐசிங். இரண்டு முட்டை வெள்ளைக்கு 400 முதல் 500 கிராம் ஐசிங் சுகர், ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு என்பது கணக்கு. இதை நேராகப் பழக் கேக்கின் மேல் பூசினால் கேக்கின் நிறம் ஊறிப் பழுப்புக் கறை விழும். ஆகவே முதலில் முந்திரிப் பசையைப் போர்த்தி, ஒரு நாள் காயவிட்ட பிறகு பூச வேண்டும். மழை நாளில் இந்த ஐசிங் காய நேரமாகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பச்சை முட்டை சேர்வதால் கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், நோயாளிகள் உள்ள வீட்டாருக்கு முதல் இரண்டு முறைகளையே பரிந்துரைக்க வேண்டும். மீந்த மஞ்சள் கருவைக் கேக் மாவிலேயே சேர்த்துவிடலாம் என்று சொன்னால் இல்லத்தரசிகள் மகிழ்வார்கள்.

உயிரோடு விளையாடும் மினுமினுப்பு

இக்கட்டுரையின் மிக முக்கியமான பகுதி இது. நம் கடைகளில் கேக் அலங்காரப் பொருளும் அட்டை அலங்காரப் பொருளும் பெரும்பாலும் ஒரே தட்டில் இருக்கின்றன. ஜிகினாப் பொடி ஒரு சிறு குப்பியில். கேக்குக்கான மினுக்குப் பொடியும் அதே அளவுக் குப்பியில். வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. அவசரத்தில் எடுத்துக் கொடுக்கும் கடைப் பையனுக்கும் தெரியாது.

அமெரிக்காவில் 2018-ஆம் ஆண்டு ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிறந்தநாள் கேக் சாப்பிட்ட 6 குழந்தைகள் வாந்தி, வயிற்றுப்போக்குடன் நோயுற்றனர். கேக்கின் மேல் கனமாகப் பூசியிருந்த பொன்னிறப் பொடியில் ஏராளமாகச் செம்பு இருந்தது சோதனையில் தெரிந்தது. மறு ஆண்டு மிசௌரி மாநிலத்தில், கேக்குப் பூவுக்குத் தடவிய வண்ணப் பொடி ஒன்றில் ஈயம் மிகுந்திருந்தது. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் இவற்றை வெளியிட்டு எச்சரித்தது. இப்பொடிகளில் சிலவற்றின் உறையில் 'நச்சற்றது' என்று போட்டிருக்கும். நச்சற்றது என்பதற்கு உண்ணத் தக்கது என்று பொருளல்ல. பள்ளிக் கோந்தும் நச்சற்றதுதான். அதை யாரும் தின்பதில்லை.

நம் மாநிலத்திலும் பாடம் உண்டு. ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது. துணிக்கும் தாளுக்கும் போடும் சாயம் அது. ஆகவே நாம் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. உண்ணும் அலங்காரப் பொருள் மளிகைப் பக்கம். ஜிகினா, வண்ணம், கோந்து எழுதுபொருள் பக்கம். இரண்டும் ஒரே தட்டில் இருக்கக் கூடாது.

2. கேக்குக்கென விற்கும் வண்ணம், மினுக்கு, வெள்ளி உருண்டை எதுவாயினும் உறையில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், சேர்பொருள் பட்டியல், காலாவதித் தேதி மூன்றும் இருந்தால் மட்டுமே கொள்முதல் செய்ய வேண்டும்.

3. நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட செயற்கை வண்ணங்கள் எட்டு. அவற்றின் எண்கள் 102, 110, 122, 124, 127, 132, 133, 143. இவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கல்லாப்பெட்டி அருகே ஒட்டி வைக்கலாம். அனுமதித்த வண்ணமும் அளவோடு இருக்க வேண்டும்.

4. பெயரில்லாத வண்ணப் பொடியை மூட்டையாக வாங்கிச் சிறு பொட்டலமாக மடித்து விற்பதை அடியோடு நிறுத்த வேண்டும். ஒரு பொட்டலத்தில் கிடைக்கும் லாபம் சில்லறைக் காசு. கெட்டுப்போனால் போவது ஒரு பிள்ளையின் உடல்நலமும் தலைமுறைப் பெயரும்.

இந்த முத்துக்குளித்துறையில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. இப்போது கடைகளில் கேக்குக்கு விற்பது சீனி முத்து. கடல் முத்தை வாங்கியவர்கள் நல்லதையும் சொத்தையையும் பார்த்துப் பிரித்தது போல, இந்த முத்தையும் உறையைப் பார்த்தே வாங்க வேண்டும்.

முட்டை சேர்ந்த கேக்கை நாம் வாங்கி விற்பதானால் உறையில் அசைவக் குறியான பழுப்பு முக்கோணம் இருக்க வேண்டும். சைவ வாடிக்கையாளர் கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வாழ்த்து அட்டை வியாபாரம்

அச்சிட்ட கிறிஸ்துமஸ் அட்டை டிசம்பர் 25 கழிந்தால் தேங்கிய சரக்கு. அட்டை செய்யும் மூலப்பொருள் அப்படியல்ல. சார்ட் தாளும் வண்ணப் பேனாவும் உறையும் புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும். ஆகவே முதலீட்டில் பெரும்பங்கை மூலப்பொருளில் போடுவதே புத்தி.

ஏ4 அளவுக் கனத்த தாளை நடுவில் மடித்தால் ஓர் அட்டை. அதற்குப் பொருந்தும் உறையைச் சேர்த்து, ஐந்து தாள், ஐந்து உறை, வண்ணத் தாள் துண்டுகள், ஒரு கோந்து என்று கட்டி வைத்தால் பிள்ளைகள் விரும்பி வாங்குவார்கள். மணப்பாட்டுப் பெண்கள் பனை ஓலையில் செய்யும் கைவினைப் பொருள்கள் பெயர் பெற்றவை. சாயமேற்றிய ஓலைக் கீற்றில் நட்சத்திரமும் குடிலும் செய்து அட்டையில் ஒட்டினால் வேறு எந்த ஊரிலும் கிடைக்காத அட்டையாகும். ஓலைக் கீற்றுக் கட்டுகளை வாங்கி வைத்தால் உள்ளூர்த் தொழிலுக்கும் உதவியாகும்.

ஒரு எச்சரிக்கை: அலங்காரத்துக்கென்று பவளப்பாறைத் துண்டு, கடற்குதிரை போன்றவற்றை எவர் கொண்டுவந்தாலும் வாங்கக் கூடாது. மன்னார் வளைகுடாவின் இவ்வுயிரினங்கள் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வைத்திருப்பதே குற்றமாகும்.

மழையும் சரக்கும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரமே இருந்த நேரம். கடைகளும் கிடங்குகளும் நிறைந்திருந்த நேரம். தாமிரபரணிக் கரை ஊர்களிலும் மாநகரத் தாழ்விடங்களிலும் மூட்டைகள் தண்ணீரில் நின்றன.

அதிலிருந்து நாம் கற்க வேண்டியவை சில உண்டு. மைதா, சீனி மூட்டைகளை வெறுந்தரையில் அடுக்காமல் உயரமான மரச்சட்டங்களின் மேல் அடுக்க வேண்டும். விலை கூடிய உலர்பழமும், நனைந்தால் பயனற்றுப் போகும் தாள் சரக்கும் மேல் தட்டில் பாலிதீன் உறையில் இருக்க வேண்டும். சரக்குக் காப்பீட்டில் வெள்ள இழப்பும் சேர்ந்திருக்கிறதா என்று பத்திரத்தைப் படித்து உறுதி செய்துகொள்ள வேண்டும். கொள்முதல் பில்களின் நகலை வேறோர் இடத்தில் வைக்க வேண்டும். நனைந்த மைதாவை உலர்த்தி விற்கலாம் என்ற எண்ணம் கூடவே கூடாது. பூஞ்சை பிடித்த மாவு கண்ணுக்கு வெள்ளையாகவே தோன்றும்.

முடிவாக

கிறிஸ்துமஸ் கேக்கு ஒரு வீட்டுக்குள் நிற்பதில்லை. அக்கம்பக்கத்துக்கு, இந்து, இஸ்லாமிய நண்பர் வீடுகளுக்கு, பள்ளி ஆசிரியருக்கு என்று தட்டுத் தட்டாகப் போகிறது. நாம் அளந்து கொடுத்த கால் கிலோ சரக்கை இருபது பேர் உண்கிறார்கள். அந்த எண்ணத்தோடு சரக்கை வாங்குவோம், பிரித்து வைப்போம், கேட்டதற்கு உண்மை சொல்லி விற்போம். இந்த ஆண்டு கேக்கு நன்றாக வந்த வீட்டார் அடுத்த ஆண்டும் நம் கடைப் படியேறுவார்கள்.