ஒளியும் மருந்தாகும்

ஒளி என்றதும் இருளகற்றும் பொருளே நம் நினைவிற்கு வருகின்றது. மருத்துவத் துறையில் அது நோயகற்றும் கருவியாகவும் பயன்படுகின்றது. தோலில் தோன்றும் புற்றுக்கு முந்திய நிலையை ஒளியால் நீக்கும் முறையை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

பல்லாண்டுகள் கடும் வெயிலில் திரிந்தோரின் முகம், வழுக்கைத் தலை, காது, புறங்கை ஆகிய இடங்களில் சொரசொரப்பான சிறு திட்டுகள் தோன்றுவதுண்டு. மருத்துவர் இவற்றை ‘ஆக்டினிக் கெரட்டோசிஸ்’ என்பர். நாம் ‘கதிர்த் தடிப்பு’ எனலாம். மெலனின் என்னும் நிறமி குறைந்த வெண்ணிறத்தாரிடமே இது மிகுதி. ஆஸ்திரேலியாவில் பெரிதும் காணப்படுகின்றது. கருநிறத் தோலினர்க்கு அரிது. எனினும், பிறவியிலேயே நிறமி குன்றியோர் எந்நாட்டவராயினும் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

இத்திட்டுகளுள் பெரும்பாலானவை புற்றாக மாறுவதில்லை. சில தாமே மறைதலும் உண்டு. ஆயின், எது மாறும் என முன்னரே அறிய இயலாது. ஆதலால்தான் மருத்துவம் தேவைப்படுகின்றது.

இம்மருத்துவத்தின் வித்து ஜெர்மனியின் மூனிக் நகரில் ஊன்றப்பட்டது. அங்கு ஹெர்மன் ஃபான் டாப்பைனர் என்னும் பேராசிரியரிடம் பயின்ற ஆஸ்கர் ராப், 1900ஆம் ஆண்டில் தம் ஆய்வை வெளியிட்டார். அக்ரிடின் என்னும் சாயம் கலந்த நீரிலிருந்த நுண்ணுயிர்கள், ஒளி பட்டபோது விரைந்து மடிந்தன. இந்நிகழ்வுக்கு உயிர்வளியும் வேண்டும் என்பது பின்னர்ப் புலனாயிற்று. சாயம், ஒளி, உயிர்வளி என்னும் மூன்றன் கூட்டே ‘ஒளியியக்க மருத்துவத்தின்’ அடிப்படை.

இன்று அமினோலெவுலினிக் அமிலம் போன்ற மருந்தைத் திட்டின்மீது தடவிச் சில மணி நேரம் விடுவர். பழுதுற்ற செல்கள் அதனை ஒளியை ஈர்க்கும் புரோட்டோபார்ஃபிரினாக மாற்றி மிகுதியாகத் தேக்குகின்றன. பின்னர் நீல ஒளியோ செவ்வொளியோ பாய்ச்சுவர். அப்போது உயிர்வளி வீரியமுற்று அச்செல்களை அழிக்கின்றது. 1999ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இம்முறைக்கு இசைவளித்தது.

ஒளி படும்போது எரிச்சல் தோன்றும். சில நாள்கள் தோல் சிவந்து பொருக்கு உதிரும். மருத்துவம் முடிந்து இரண்டு நாள்களேனும் அவ்விடத்தில் வெயில் படலாகாது. ஒளி தோலில் ஆழ ஊடுருவாது. ஆகவே, தடித்துப் புண்ணாகிக் குருதி கசியும் திட்டைத் திசுச் சோதனை செய்தறிதல் முதற்கடன்.

வெயிலில் நின்றாலே திட்டு மறையும் எனக் கொள்வது பிழை. பகலொளியைப் பயன்படுத்தும் முறையும் உண்டு. அதிலும் மருந்தும், புறஊதாக் கதிர்த் தடுப்பும், மருத்துவர் மேற்பார்வையும் இன்றியமையாதன.

‘புற்றுக்கு முந்திய நிலை’ என்னும் தொடரில் ‘புற்று’ என்பதை மட்டும் கேட்டு அஞ்சுவோர் பலர். அஞ்சி மறைப்போரும் உளர். ‘முந்திய’ என்னும் பெயரெச்சமே ஈண்டுக் கருதத்தக்கது. காலம் இன்னும் கையில் உள்ளது என்பதே அதன் பொருள். அதனை நம் இல்லத்து முதியோர்க்கு எளிய தமிழில் எடுத்துரைத்தல் கற்ற நம் அனைவர்க்கும் கடனாகும்.