பளுத் தூக்கும் கை

பளுவைத் தூக்குவதற்கு வலிமை வேண்டும் என்பதை யாவரும் அறிவர். ஆயினும், வலிமை ஒன்றே போதும் என்று எண்ணுதல் பிழையாகும். தூக்கும் முறையை அறியாதவனது வலிமை, ஓட்டைக் குடத்தில் வார்த்த நீர்போல் வீணாகும். தம் கையால் பொறி செய்து பழகும் மாணவர் இவ்வுண்மையை விரைவில் உணர்வர்.

இக்காலத்துப் பள்ளி மாணவருட் பலர் ஓய்வு நேரத்தில் இயந்திரக் கை செய்து மகிழ்கின்றனர். மரத்தாலோ அலுமினியத்தாலோ ஆன ஒரு தண்டு. அதன் ஒரு முனையில் தோள்போலச் சுழலும் மூட்டு. மறுமுனையில் பொருளைப் பற்றும் பிடி. மூட்டைச் சுழற்ற ஒரு சிறு மோட்டார் - இவையே அதன் உறுப்புகள். இக்கை தீப்பெட்டியை எளிதில் எடுத்து வைக்கும். அரைக் கிலோ எடையுள்ள பொருளைக் கொடுத்தாலோ, மோட்டார் முனகும், சூடேறும், கை தாழ்ந்து விழும். பெரிய மோட்டாரை வாங்கினால் குறை தீரும் என்று மாணவன் எண்ணுகின்றான். பெரிய மோட்டாருக்குப் பெரிய மின்கலம் வேண்டும். அதன் விசையைத் தாங்கப் பருத்த தண்டு வேண்டும். தண்டு பருத்தால் கையின் எடை மிகும். அவ்வெடையைத் தூக்க இன்னும் பெரிய மோட்டார் வேண்டும். இத்தொல்லைக்கு முடிவு உண்டோ?

உண்டு. அதற்கு விடை காண நாம் அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைக்குச் சென்றால் போதும்.

மண்டபத்திற்கும் பாம்பன் தீவிற்கும் இடையே கடலின்மேல் அமைந்த பழைய இரயில் பாலம், 1914ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள் திறக்கப்பெற்றது. அதன் நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். இரயில் பாலத்தின்மேல் செல்ல வேண்டும்; கப்பலோ பாலத்தைக் கடந்து செல்ல வேண்டும். இவ்விரண்டும் இயலுமாறு, பாலத்தின் ஒரு பகுதியை இரண்டு இறக்கைகளாக அமைத்தனர். கப்பல் வருங்கால் இரண்டும் மேலெழுந்து வழிவிடும். சிகாகோ நகரத்துப் பொறியாளர் வில்லியம் ஷெர்சர் என்பார் வகுத்த முறை இது. இவ்வளவு பெரிய இரும்பு இறக்கைகளை உயர்த்திய ஆற்றல் யாது? நீராவியன்று, மின்சாரமுமன்று. ஊழியர் சிலர் நீண்ட தண்டுகளைப் பிடித்துச் சுற்றி வருவர், பற்சக்கரங்கள் சுழலும், இறக்கைகள் மெல்ல மெல்ல எழும்.

மனிதரின் கைவலிமைக்கு இஃது எங்ஙனம் இயன்றது? ஒவ்வோர் இறக்கையின் பின்புறத்திலும் பெரும் எதிர்ப்பளு ஒன்று இருந்தது. இறக்கையின் அடிப்பகுதி, சக்கரத்தின் ஒரு துண்டுபோல வளைந்திருந்தது. அது தண்டவாளம் போன்ற தளத்தின்மீது பின்னோக்கி உருளும். இறக்கையின் நுனி மேலேற, எதிர்ப்பளு கீழிறங்கும். ஒன்றின் எடையை மற்றொன்று தாங்கிக் கொள்ளும். இரண்டுக்கும் பொதுவான ஈர்ப்பு மையம், ஏறாமலும் இறங்காமலும் கிடைமட்டமாகவே நகரும் வண்ணம் இம்முறை வகுக்கப்பெற்றது. ஆதலின், ஊழியர் இறக்கையின் முழு எடையையும் தூக்கவில்லை. உராய்வையும் காற்றின் தடையையும் மட்டுமே வென்றனர்.

இத்தத்துவம் நம் உழவர்க்குப் புதிதன்று. கிணற்றங்கரையில் நின்ற ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள். ஏற்ற மரத்தின் முன்முனையில் சால் தொங்கும். பின்முனையில் கல்லைக் கட்டியிருப்பர். அக்கல், வெறுஞ்சாலைவிடக் கனமானது. நீர் நிறைந்த சாலைவிட இலேசானது. ஆகவே, வெறுஞ்சாலைக் கிணற்றுள் இறக்கும்போது உழவன் சிறிது வருந்தி இழுக்க வேண்டும். நிறைசாலை ஏற்றும்போது கல் அவனுக்குத் துணை நிற்கும். உழைப்பு, இறக்கத்திற்கும் ஏற்றத்திற்குமாகப் பங்கிடப்படுகின்றது.

இனி, நம் மாணவனது இயந்திரக் கைக்குத் திரும்புவோம். சுழற்றும் விசையை முறுக்குவிசை என்பர். எடையையும், மூட்டிலிருந்து அவ்வெடை நிற்கும் தொலைவையும் பெருக்கினால் அதன் அளவு கிடைக்கும். கை கிடைமட்டமாக நீண்டிருக்கும்போதே மூட்டுக்கு மிகுந்த பாரம் உண்டாகும்; ஆதலின் அந்நிலைக்கே கணக்கிடுதல் வேண்டும். கையின் நீளம் 30 சென்டிமீட்டர் என்க. நுனியில் உள்ள பொருள் அரைக் கிலோ. அதற்கு வேண்டும் முறுக்குவிசை 15 கிலோகிராம்-சென்டிமீட்டர். தண்டின் எடை 200 கிராம். அது நடுவில், அஃதாவது 15 சென்டிமீட்டர் தொலைவில் நிற்பதாகக் கொண்டால் 3. நுனியிலுள்ள பிடி 100 கிராம்; அதற்கும் 3. ஆக மொத்தம் 21. கடைகளில் எளிதிற் கிடைக்கும் சிறு மோட்டார் ஒன்று, ஏறத்தாழ 10 அளவு முறுக்குவிசையிலேயே சுழலாது நின்றுவிடும். கை ஏன் விழுந்தது என்பது இப்போது விளங்குகின்றதன்றோ?

ஏற்றத்துக் கல்லை இங்கே பயன்படுத்துவோம். தண்டைத் தோளுக்குப் பின்னும் நீட்டி, 9 சென்டிமீட்டர் தொலைவில் ஒன்றரைக் கிலோ எடையைக் கட்டுவோம். அது பின்புறமாகத் தரும் முறுக்குவிசை 13.5. பொருளோடு கூடிய கைக்கு வேண்டுவது 21. மோட்டாரின் பங்கு 7.5 மட்டுமே. வெறுங்கைக்கு வேண்டுவது 6. அப்போது பின்புறமே கனத்து நிற்கும். அதனை எதிர்த்துக் கையைக் கீழிறக்கவும் மோட்டாருக்கு 7.5 போதும். 21 என்னும் பாரம் 7.5 ஆகக் குறைந்துவிட்டது. மாடிக் கட்டடங்களில் மின்தூக்கி அமைப்போரும், கூண்டின் எடையோடு சுமையில் ஏறத்தாழப் பாதியையும் சேர்த்தே எதிர்ப்பளுவை அமைக்கின்றனர்.

மோட்டார் தன் எல்லைவரை உழைத்தால் விரைவில் கெடும். ஆகவே, பற்சக்கர இணை ஒன்றால் அதன் வேகத்தைப் பாதியாக்குவோம். உராய்வை நீக்கிப் பார்த்தால், மோட்டாரின் பங்கு 3.75 ஆகும். ஆனால், கை பாதி வேகத்திலேயே அசையும். விசையில் பெற்றதை வேகத்தில் இழக்கின்றோம். இயற்கை எதனையும் இலவசமாய்த் தருவதில்லை.

இன்னும் ஒரு வழியும் உண்டு. பிடியை இயக்கும் மோட்டாரை நுனியில் வையாமல், தோளுக்குப் பின்னே அமைத்து, மெல்லிய கம்பியால் பிடியை இழுக்கச் செய்யலாம். முன்பு சுமையாய் நின்ற மோட்டாரே இப்போது எதிர்ப்பளுவாய்த் துணைபுரியும். முழங்கையும் உடைய கையாயின், ஒவ்வொரு மூட்டுக்கும் இக்கணக்கைத் தனித்தனியே செய்தல் வேண்டும். எதிர்ப்பளு சேர்ந்ததால் மொத்த எடை மிகும். ஆதலின் அடித்தளம் அகன்றும் உறுதியாயும் இருத்தல் வேண்டும். கனத்த கையை விரைந்து அசைத்து, திடுமென நிறுத்துதலும் ஆகாது. பற்சக்கரத்தின் பற்கள் முறிந்துபோம்.

பாம்பன் பழைய பாலத்தில் 2022ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களோடு இரயில் போக்குவரத்து நின்றது. அதன் அருகே எழுந்த புதிய பாலம், 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பெற்றது. அதில் 72.5 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 660 டன் எடையும் உள்ள ஒரு பகுதி, செங்குத்தாக 17 மீட்டர் உயரம் எழுகின்றது. இப்போது அதனை இயக்குவன மின்மோட்டார்கள். ஆயினும், இருபுறத்துக் கோபுரங்களிலும் இரும்பு வடங்களில் எதிர்ப்பளுக்கள் தொங்குகின்றன. மின்னாற்றல் வந்தபின்னும், சமன் செய்யும் முறையைப் பொறியாளர் கைவிடவில்லை.

ஆகவே, பளுவைக் கண்டு பெரிய மோட்டாரைத் தேடி ஓடாதீர்கள். முதலில் கணக்கிடுங்கள், வேண்டாத எடையை நீக்குங்கள், எஞ்சியதைச் சமன் செய்யுங்கள். அதன்பின், சிறிய மோட்டாரும் பெரிய சுமையைத் தூக்கக் காண்பீர்கள்.