ஏகாதசிக்கு இளநீர் வாங்கும் முன்னாடி

தங்கச்சி, வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்துல பரமபத வாசல் திறக்கிற அன்னிக்கு உன் மாமியார் பட்டினி இருப்பேன்னுதான் நிப்பாங்க. சிறுநீரகம் நல்லா இருந்தா நான் வாயே திறக்க மாட்டேன். கிரியாட்டினின் ஏறினவங்க கதை வேற, அவங்களுக்குப் பயமே பொட்டாசியம்தான்.

உடம்புப் பொட்டாசியத்துல 98 சதவீதம் செல்லுக்குள்ளதான் கிடக்கு. ரத்தத்துல ஓடுறது வெறும் கொசுறு, டெஸ்ட்ல 3.5லேர்ந்து 5 வரைக்கும் இருக்கணும். அது ரொம்ப ஏறினாலும் இறங்கினாலும் இதயத் துடிப்பே தடுமாறும். சாப்பிட்டதும் சுரக்கிற இன்சுலின் அதைச் செல்லுக்குள்ள தள்ளும். அதிகமானதை அல்டோஸ்டிரோன் ஹார்மோன் தூண்ட, சிறுநீரகம் வெளியேத்தும். பட்டினியில இன்சுலின் குறையும், உள்ளே இருக்கிறது வெளிய கசியும். அதனால டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்கு ஒண்ணுமே சாப்பிடாட்டியும் பொட்டாசியம் ஏறலாம். அதுக்கு மேல விரதப் பலகாரம்னு பூவன் பழம், இளநீர், சர்க்கரைவள்ளிக் கிழங்கு! மறுநாள் பாரணைக்கு அகத்திக்கீரை வேற.

வாழைப்பழத்தைத் திட்டலை. தேசிய வாழை ஆராய்ச்சி மையமே 1993ல திருச்சியிலதான் வந்தது. காந்தி மார்க்கெட் பக்கம் போய்ட்டுத் தார் வாங்காம வர எனக்கும் முடியாது. ஆனா 100 கிராம் பழத்துல சுமார் 350 மில்லிகிராம் பொட்டாசியம். அவங்களுக்கு எவ்வளவு ஆகும்னு டாக்டர் சொல்லட்டும். முழுப் பட்டினிக்குப் பதிலா ஜவ்வரிசிக் கஞ்சி, கோதுமை ரவை உப்புமான்னு கேட்டுப் பாரு.

கிழங்கைத் தோல் சீவி, பொடியா நறுக்கி, நிறைய தண்ணியில வேகவச்சு வடிச்சுடு. அந்தத் தண்ணியை ரசத்துல ஊத்திடாதே! 'சோடியம் குறைந்த உப்பு'ன்னு விக்கிற பாக்கெட்டைத் திருப்பிப் படி. அதுல பொட்டாசியம் குளோரைடு இருக்கும். டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏத்தும். நீயா நிறுத்தாதே, ரத்தம் பார்க்கச் சொல்லு.

ரொம்ப ஏறிட்டா ஆஸ்பத்திரியில முதல்ல ஈசிஜி எடுப்பாங்க. கால்சியம் ஊசி இதயத்தைக் காக்கும், அவ்வளவுதான், பொட்டாசியத்தைக் குறைக்காது. அப்புறம் குளுக்கோஸோட இன்சுலின். "சுகரே இல்லாதவங்களுக்கு எதுக்கு?"ன்னு சண்டைக்குப் போகாதே. செல்லுக்குள்ள தள்ளத்தான் அது. உடம்பை விட்டு வெளியேத்த மருந்துப் பொடியோ டயாலிசிஸோ வேணும்.

பொட்டாசியம் இறங்குறது பெரும்பாலும் வாந்தி பேதியிலயும் நீர் மாத்திரையிலயும். கால் துவளும், தசை பிடிச்சு இழுக்கும். லேசான பேதின்னா ஓஆர்எஸ் போதும். ஒரு லிட்டர் பாக்கெட்டுல 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு இருக்கு. டாக்டர் பொட்டாசியம் சிரப் எழுதினா, தண்ணி கலந்து சாப்பாட்டுக்கு அப்புறம் கொடு. டிரிப்ல ஏத்தினா மணிக்கணக்காகும். சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்னு நீ அந்தத் திருகுல கை வச்சுடாதே. வேகமா உள்ள போனா இதயமே நின்னுடும்.